வீட்டு மெயில் சர்வர்: வாங்குவது சுலபம், அனுப்புவதுதான் பாடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கோவில் கமிட்டி காவடித் திருவிழா அறிவிப்புகளைச் சொந்த டொமைனிலிருந்தே அனுப்ப விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பழைய கணினி, அதில் லினக்ஸ், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள், கூடவே ஃபைபர் இணைப்பு. மெயில் வாங்க இது போதும். டொமைனின் எம்எக்ஸ் பதிவு (மெயிலை எங்கே சேர்ப்பது என்று சொல்வது) அந்தக் கணினியைக் காட்ட வேண்டும், சர்வர்கள் தங்களுக்குள் மெயில் கொடுத்து வாங்கும் வாசலான போர்ட் 25-ஐ ரூட்டர் உள்ளே விட வேண்டும், அவ்வளவுதான்.

லோட்ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, வந்தால் என்ன ஆகும் என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள். பெரிதாக ஒன்றும் ஆகாது. எதிர்முனை பதில் சொல்லாவிட்டால், அனுப்பும் சர்வர் மெயிலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு விட்டு விட்டு முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரை விடாது. இரண்டு மணி நேரம் கரண்ட் போவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கரண்ட் திரும்பும்போது வீட்டின் ஐபி முகவரி மாறிவிட்டால்தான் தொல்லை. நிலையான ஐபி வாங்கிவிடுவது நல்லது.

பாடு, அனுப்புவதில். வீட்டு இணைப்புகளில் வெளியே போகும் போர்ட் 25 பல இடங்களில் அடைபட்டிருக்கும். திறந்திருந்தாலும், ஸ்பேம் தடுப்பு அமைப்பான ஸ்பேம்ஹவுஸின் பிபிஎல் பட்டியல் வீட்டு ஐபிகளை மொத்தமாகக் குறித்து வைத்திருக்கிறது; அதைப் பார்த்து மெயிலை மறுக்கும் சர்வர்கள் பல. நீங்கள் ஸ்பேம் அனுப்பினீர்களா என்று அது பார்ப்பதில்லை; வீட்டிலிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது என்பதே அதன் கணக்கு.

ஆகவே ரிலே. உங்கள் சர்வர் எல்லா மெயிலையும் நற்பெயருள்ள வேறொரு சர்வரிடம் கொடுக்க, அது ஊருக்கெல்லாம் சேர்க்கும். இதில் குறைச்சல் ஒன்றுமில்லை. 1980களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் மெயிலே, அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ராண்டி புஷ் என்பவர் வீட்டுக் கணினி வழியாகத்தான் வெளியுலகுக்குப் போனது!

போஸ்ட்ஃபிக்ஸின் ரிலேஹோஸ்ட் வரியில் ரிலேயின் பெயரையும் போர்ட் 587-ஐயும் எழுத வேண்டும். பயனர் பெயர், பாஸ்வேர்டு தனிக் கோப்பில், நிர்வாகக் கணக்கான ரூட் மட்டும் படிக்கும்படி. கவனம் வேண்டியது அடுத்ததில். 587-இல் பேச்சு வெறும் எழுத்தாகத் தொடங்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற கட்டளைக்குப் பிறகே மறையாக்கத்துக்கு (டிஎல்எஸ்), அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாத வடிவுக்கு, மாறும். போஸ்ட்ஃபிக்ஸில் டிஎல்எஸ் நிலை 'மே' என்றிருந்தால், நடுவில் ஒருவன் அந்த வாய்ப்பை மறைத்தாலும் உங்கள் சர்வர் சரி என்று மறையாக்கம் இல்லாமலே தொடர்ந்துவிடும். 'என்கிரிப்ட்' மறையாக்கத்தைக் கட்டாயமாக்கும், ஆனால் எதிரே இருப்பது யார் என்று சோதிக்காது. 'செக்யூர்' எதிர் சர்வரின் அடையாளச் சான்றிதழையும் பார்க்கும். என் ஓட்டு அதற்கே.

இதெல்லாம் ரிலே வரைக்குமான பாதுகாப்புதான். ரிலே நடத்துபவர் நினைத்தால் மெயிலைப் படிக்க முடியும்.

அப்புறம் டிஎன்எஸ், அதாவது டொமைனின் பதிவேடு. உங்கள் டொமைன் பெயரில் அனுப்ப ரிலேக்கு அனுமதி உண்டு என்று அதிலுள்ள எஸ்பிஎஃப் பதிவில் சொல்ல வேண்டும். ஆனால் பல ரிலேக்கள் மெயிலின் உறையில் உள்ள (படிப்பவருக்குத் தெரியாத) அனுப்புநர் முகவரியைத் தங்கள் டொமைனுக்கு மாற்றிவிடும். அப்போது, படிப்பவர் காணும் அனுப்புநர் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் எஸ்பிஎஃப் உதவாது. வீட்டிலேயே டிகேஐஎம் என்ற டிஜிட்டல் கையொப்பம் உங்கள் டொமைன் பெயரில் போட்டு அனுப்பினால், வழியில் யாரும் உள்ளடக்கத்தைத் தொடாதவரை அது செல்லுபடியாகும்.

போஸ்ட்ஃபிக்ஸின் பதிவுக் கோப்பான லாகில் 'சென்ட்' என்று வந்தால் ரிலே வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். ஜிமெயில் முகவரி ஒன்றுக்கு அனுப்பி, மூலத் தலைப்பைத் திறந்து, டிகேஐஎம், டிமார்க் இரண்டுக்கும் 'பாஸ்' வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு காவடி அறிவிப்பை அனுப்பலாம்.