நீங்கள் வரைந்த ஓவியத்தை நன்கொடையாகக் கொடுத்தால் வரிக்கு எவ்வளவு காட்டலாம்?

வன்னியில் ஒரு முன்பள்ளிக்குக் கூரை போட வேண்டும், ஒரு வாசிகசாலையைத் திருத்த வேண்டும் என்றால் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் ஓவிய ஏலம் வைத்துக் காசு சேர்க்கிறார்கள். ஓவியர்களும் மறுக்காமல் படம் கொடுக்கிறார்கள். அப்புறம் வரிக் காலத்தில், வவுனியாவில் கணக்கு வேலை பார்க்கும் எனக்குத் தொலைபேசி வரும். "அண்ணை, என்ர படம் 1,800 டொலருக்குப் போனது. அதை அப்படியே நன்கொடையாகக் காட்டலாம்தானே?" புதுக்குடியிருப்பில் பிறந்து இப்போது நியூ ஜேர்சியில் இருக்கும் ஒருவர் கேட்டது இது.

காட்ட முடியாது. அமெரிக்கச் சட்டப்படி, ஓவியர் தன் கையால் வரைந்த படத்தைக் கொடுத்தால் அதற்குப் போன பொருட்செலவை மட்டுமே வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். அவரிடம் பற்றுச்சீட்டுகளை எடுத்து வரச் சொல்லிக் கூட்டிப் பார்த்தோம். கன்வஸ், அக்ரிலிக் நிறங்கள், மரச்சட்டம் எல்லாம் சேர்த்து 140 டொலர் வந்தது. இரவிரவாக விழித்திருந்து வரைந்த உழைப்புக்கு ஒரு சதமும் இல்லை. அதிலும் கன்வஸையும் நிறங்களையும் அவர் ஏற்கெனவே தன் ஓவியத் தொழிலின் செலவாகக் கழித்திருந்தார். ஒரே செலவை இரண்டு தரம் கழிக்க இயலாது என்பதால் மிஞ்சியது மரச்சட்டத்தின் விலை மட்டும்தான்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1969ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை அங்கே ஓவியர்களும் சந்தைப் பெறுமதியைக் கழித்தார்கள். அரசியல்வாதிகள் தங்கள் கடிதக் கோப்புகளைக் கொடுத்துப் பெரிய வரிக் கழிவு எடுத்ததைத் தடுக்கப் போட்ட விதி, கலைஞர்களையும் சேர்த்துக் கட்டிப்போட்டது. இதை மாற்றக் கோரும் சட்டமூலத்தை செனட்டர் பற்றிக் லேஹி பல தடவை கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. அதே படத்தை விலைக்கு வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தவர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் சந்தைப் பெறுமதி முழுவதையும் காட்டலாம். படைத்தவனுக்கு இல்லாத உரிமை வாங்கியவனுக்கு இருப்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் சட்டம் மாறும்வரை கணக்கு அதன்படிதான் எழுதப்பட வேண்டும்.

சிலர் குறுக்கு வழி கேட்பார்கள். "தம்பியின் பெயருக்கு மாற்றி, அவன் கொடுத்ததாகக் காட்டினால்?" பலிக்காது. அன்பளிப்பாகப் பெற்றவருக்கும் ஓவியரின் அதே நிலைதான் தொடரும். வாரிசாகப் பெற்றவருக்குத்தான் விதி வேறு. இன்னும் சிலர், "படம் 3,000 டொலர் பெறும்" என்று இங்கிருந்து ஒரு கடிதம் கேட்கிறார்கள். அந்தக் கடிதத்தை நான் எழுதுவதில்லை. நீங்களும் யாரிடமும் வாங்காதீர்கள். ஓவியரின் கழிவு பொருட்செலவோடு நின்றுவிடுவதால் அது எதற்கும் உதவாது. வரி அதிகாரியின் சந்தேகத்தைத்தான் கிளப்பும். இன்னொன்று, படத்தை முல்லைத்தீவிலுள்ள நிலையத்துக்கு நேரடியாக அனுப்பிவிட்டு அமெரிக்காவில் கழிவு கேட்க முடியாது. வாங்கும் அமைப்பு அமெரிக்காவில் தகுதி பெற்றதாக இருக்க வேண்டும்.

கனடாவில் கொஞ்சம் இளக்கம் உண்டு. பதிவுபெற்ற அறக்கொடை அமைப்புக்குக் கொடுக்கும் ஓவியர், செலவுக்கும் சந்தைப் பெறுமதிக்கும் இடையில் ஒரு தொகையைத் தானே தெரிவு செய்யலாம். ஆனால் அதே தொகை அவருடைய வருமானமாகவும் சேரும். 1,000 டொலருக்கு மேல் என்றால் வெளியாள் ஒருவரின் மதிப்பீட்டை எடுப்பது நல்லது.

சரி, இங்கே இலங்கையிலேயே இருப்பவர்கள்? 2025/2026 வரி மதிப்பாண்டிலிருந்து ஒருவருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை வரி இல்லை. அதாவது மாதம் ஒன்றரை இலட்சம். அதற்குக் கீழே இருப்பவருக்குக் கழிக்க வரியே கிடையாது. மனம் நிறைந்து கொடுத்துவிட்டுப் போகலாம். அதைத் தாண்டும் சித்திர ஆசிரியர், தனியாகப் படம் விற்பவர் போன்றோர்தான் கவனிக்க வேண்டும். நோயாளரையும் வறியோரையும் வைத்துப் பராமரிக்கும் அங்கீகரிக்கப்பட்ட இல்லங்களுக்குக் கொடுப்பது பணமாக இருந்தால்தான் கழிவு. அதுவும் வரிக்குட்பட்ட வருமானத்தில் மூன்றிலொரு பங்கு அல்லது 75,000 ரூபா, இரண்டில் எது குறைவோ அது. எனவே அப்படியான இல்லத்துக்கு உதவ விரும்பினால் படத்தை விற்று, காசைக் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பிரதேச சபைக்கோ, வவுனியாப் பல்கலைக்கழகம் போன்ற அரச பல்கலைக்கழகத்துக்கோ என்றால் பொருளாகவும் கொடுக்கலாம். கொடுக்கும் அன்றே படத்தின் பெயர், அளவு, எதனால் வரைந்தது, திகதி எல்லாம் எழுதிய கடிதத்தை அவர்களுடைய முத்திரையோடு வாங்கி வையுங்கள். பெறுமதியை நீங்களே எழுதாமல், படம் வாங்கி விற்கும் ஒருவரிடம் எழுதி வாங்குங்கள். அண்மையில் விற்ற உங்கள் படங்களின் பற்றுச்சீட்டுகளையும் அதோடு சேர்த்து வையுங்கள்.