செகண்ட் ஃபிடில் வாசிக்கிறதுன்னா ஒத்து ஊதுறது இல்ல

"கூட்டணியில நாங்க யாருக்கும் செகண்ட் ஃபிடில் வாசிக்க மாட்டோம்"னு ஒரு கட்சிக்காரர் இங்கிலீஷ்ல பேட்டி கொடுத்தா, மறுநாள் தமிழ்ல அது "ஒத்து ஊத மாட்டோம்"னு வருது, இல்லேன்னா "ஜால்ரா அடிக்க மாட்டோம்"னு வருது. ரெண்டுமே தப்பு. அவர் பேசினது இடத்தைப் பத்தி, அதாவது அடுத்தவனுக்குக் கீழ ரெண்டாவது ஆளா உக்கார மாட்டோம்னு சொல்றார். ஆனா ஜால்ரான்னு எழுதினா அது குணத்தைப் பத்தின பேச்சாயிடுது, முகஸ்துதிங்கிற அர்த்தம் வந்துடுது. மொழிபெயர்ப்பு வேலையில இருக்கிற எனக்கு இதைப் பாக்கும்போதெல்லாம் மனசு கேக்க மாட்டேங்குது, அதான் விரிவா எழுதுறேன்.

ஃபிடில் நமக்குப் புது வார்த்தை இல்ல. ரோம் பத்தி எரியும்போது நீரோ பிடில் வாசிச்சான்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கோம், பழைய ஆளுங்க கச்சேரி பத்திப் பேசும்போது பிடில்னுதான் சொல்லுவாங்க. இங்கிலீஷ்ல ஃபிடில்ங்கிறதுதான் பழைய பேரு, வயலின்ங்கிறது இத்தாலியிலேர்ந்து அப்புறம் வந்தது. மேற்கத்திய இசையில நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற ஒரு அமைப்பு இருக்கு, ரெண்டு வயலின், அதை விடக் கொஞ்சம் பெருசா ஒரு வயோலா, இன்னும் பெருசா ஒரு செல்லோ. முதல் வயலின்காரர் பெரும்பாலும் மெயின் மெட்டை எடுத்துட்டுப் போவார், ரெண்டாவது வயலின் அதுக்குக் கீழ் ஸ்தாயியில வேற சுரங்களை வாசிச்சு மெட்டுக்குக் கனம் கொடுக்கும். பெரிய ஆர்கெஸ்ட்ராவுலயும் இதே மாதிரி முதல் வயலின் கூட்டம், ரெண்டாம் வயலின் கூட்டம்னு பிரிச்சிருப்பாங்க. இதுலேர்ந்துதான் அந்தச் சொலவடை வந்தது, 1800-களோட ஆரம்பத்துலயே இங்கிலீஷ்ல புழக்கத்துல இருந்திருக்கு. ஜெர்மன்காரங்க இதைத் திருப்பிப் போட்டுச் சொல்லுவாங்க, யார் கை ஓங்கியிருக்கோ அவர்தான் முதல் வயலின் வாசிக்கிறார்னு.

இதுல ஒண்ணு கவனிக்கணும், ரெண்டு பேர் கையிலயும் இருக்கிறது ஒரே வாத்தியம். அதே நாலு தந்தி, அதே வில்லு. முன்னாடி வச்சிருக்கிற தாள்ல எழுதியிருக்கிற சுரம்தான் வேற. 1784 வாக்குல வியன்னாவுல ஒரு வீட்டு விருந்துல பெரிய இசையமைப்பாளர்களே சேர்ந்து, ஹெய்டன் முதல் வயலின், மொசார்ட் வயோலா, வான்ஹால் செல்லோ வாசிச்சிருக்காங்க, அங்க இருந்த மைக்கேல் கெல்லிங்கிற பாடகர் எழுதி வச்சிருக்கார். அன்னிக்கு ரெண்டாம் வயலின் வாசிச்சவர் டிட்டர்ஸ்டார்ஃப், அந்தக் காலத்துல பேர் பெற்ற வயலின் வித்வான். திறமை இல்லாதவனுக்குக் கொடுக்கிற இடம் இல்ல அது.

இப்ப ஒத்துக்கு வருவோம். ஒத்துங்கிறது நாதஸ்வரம் மாதிரியே நீளமான குழல், ஆனா விரல் வச்சு வாசிக்கிற துளை கிடையாது. சுருதி சேத்ததுக்கு அப்புறம் அதுலேர்ந்து வர்றது ஒரே ஒரு நாதம். ஒத்துக்காரர் கன்னத்துல காத்தை அடைச்சு வச்சுக்கிட்டு மூக்கால மூச்சு இழுத்துக்கிட்டே ஊதுவார், நாதம் அறுந்து போகக்கூடாது, ஊர்வலம் நாலு வீதி சுத்தி வர்ற வரைக்கும் அதே ஒத்தை சுருதி. இப்ப சுருதிப்பெட்டி வந்து அந்த ஆளே இல்லாம போயிட்டார்ங்கிறது எனக்கு வருத்தம்தான். அவர் ஊதறதுல மாத்தமே இல்லாததாலதான், ஒருத்தன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறவனை ஒத்து ஊதுறான்னு சொன்னாங்க. ரெண்டாம் வயலின் அப்படி இல்ல, அதுக்குன்னு தனிச் சுரம் இருக்கு, முதல் வயலின் வாசிக்கிறதையே அதுவும் வாசிச்சுக்கிட்டு இருந்தா ரெண்டாவது எதுக்கு?

பின்பாட்டு கொஞ்சம் கிட்ட வரும். தெருக்கூத்துல பின்னாடி நின்னு பாட்டோட அடியை வாங்கிப் பாடுறவர் பின்பாட்டுக்காரர். ஆனா பேச்சு வழக்குல பின்பாட்டு பாடுறான்னா அதுவும் ஆமாம் சாமி போடுறான்ங்கிற அர்த்தத்துக்கே போயிடுச்சு. எடுபிடின்னு போட்டா இன்னும் மோசம், அது ஏவின வேலையைச் செய்யிற ஆளு.

அப்ப சரியான தமிழ் எது? மனக்குறையா சொல்ற இடத்துல "ரெண்டாம்பட்சம்" கச்சிதமா உக்காரும். "இந்த வீட்டுல அண்ணனுக்கு அப்புறம்தான் நான், எப்பவும் என்னை ரெண்டாம்பட்சமாத்தானே வச்சிருக்கீங்க"ன்னு ஒரு தங்கச்சி அம்மாகிட்ட சொல்றா பாருங்க, அந்த வலிதான் இங்கிலீஷ்லயும் இருக்கு. அந்தக் கட்சிக்காரர் பேச்சையும் "யாருக்கும் அடுத்த இடத்துல இருக்க மாட்டோம்"னு நேராவே எழுதிடலாம், வாத்தியமே வேண்டாம்.

பெருமையா சொல்ற இடத்துக்கு நம்மகிட்ட "பக்கவாத்தியம்" இருக்கு. இதுல ஒரு விசேஷம், நம்ம கச்சேரியில பிடிலே பக்கவாத்தியம்தான், பாட்டுக் கச்சேரியில முதல் பிடில் ரெண்டாம் பிடில்ங்கிற பேச்சே கிடையாது, அதனால "ரெண்டாவது பிடில் வாசிக்கிறார்"னு அப்படியே எழுதினா ஒட்ட மாட்டேங்குது. முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மெட்ராஸ்ல ஐரோப்பியர்கிட்ட கத்துக்கிட்டு நம்ம சங்கீதத்துக்குக் கொண்டு வந்த வாத்தியம் இது. பாடகர் ஆலாபனை பண்ணும்போது பின்னாடியே நிழலா வரும், அவர் முடிச்சதும் அதே ராகத்தைத் தன் போக்குல ஒரு தடவை விரிக்கும், அந்த நேரம் பாடகரே பாடுறதை நிறுத்திட்டுத் தலையசைச்சுக் கேப்பார். பாடகர் குரலுக்குப் பக்கத்துல தன் வாத்தியம் சத்தமா கேக்கணும்னு சௌடையாங்கிற வித்வான் ஏழு தந்தி வச்சே வயலின் பண்ணிக்கிட்டார். மிருதங்கக்காரருக்கு முதல்முறையா மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி பட்டம் கிடைச்சது பாலக்காடு மணி ஐயருக்கு, 1966-ல. அவ்வளவு காலம் காக்க வச்சாங்கங்கிறதையும் சேத்தே சொல்லணும், பக்கவாத்தியத்துக்கு மரியாதை இருக்கு, ஆனா அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

இந்தச் சொலவடையை நான் பாத்ததுல ரொம்பப் பிடிச்ச இடம் கார்ல் மார்க்ஸோட நண்பர் எங்கெல்ஸ் எழுதின கடிதம். மார்க்ஸ் 1883-ல இறந்துட்டார், அடுத்த வருஷம் அக்டோபர்ல பெக்கர்ங்கிற பழைய தோழருக்கு எங்கெல்ஸ் எழுதுறார், நான் எதுக்குப் பொறந்தேனோ அதையே ஆயுசு பூரா செஞ்சேன், ரெண்டாம் வயலின் வாசிச்சேன், ஓரளவு நல்லாவே வாசிச்சேன்னு நினைக்கிறேன், மார்க்ஸ் மாதிரி ஒரு முதல் வயலின் கிடைச்சதுல எனக்கு சந்தோஷம்ங்கிற மாதிரி. மார்க்ஸ் குடும்பம் சாப்பிடறதுக்காக மான்செஸ்டர் நூல் கம்பெனியில கிட்டத்தட்ட 20 வருஷம் கணக்கு பாத்த மனுஷன், மார்க்ஸ் எழுதின "மூலதனம்" புத்தகத்தோட ரெண்டாம் மூணாம் பாகத்தை மார்க்ஸோட கிறுக்கல் கையெழுத்துலேர்ந்து எடுத்து அச்சுக்குக் கொண்டு வந்தவரும் அவர்தான். இதைப் போய் "ஒத்து ஊதினேன்"னு தமிழ்ல போட்டா அந்த மனுஷனைக் கேவலப்படுத்துற மாதிரி ஆயிடும், "ரெண்டாம்பட்சமா இருந்தேன்"னு போட்டா அவர்கிட்ட இல்லாத மனக்குறையை நாமளே ஏத்துறோம். "பக்கவாத்தியமா இருந்தேன்"னா அழகாத்தான் இருக்கு, ஆனா அடுத்த வரியில முதல் வயலின் வந்துடுதே, அங்க மார்க்ஸைப் பாட்டுக்காரரா மாத்த வேண்டி வரும். அதனால இந்தக் கடிதத்துல மட்டும் நான் "ரெண்டாம் வயலின்"னு அப்படியே விட்டுட்டு, ரெண்டு பேர் கையிலயும் ஒரே வாத்தியம்தான்னு கீழ ஒரு வரி போட்டுடுவேன்.