தடைக்காலமும் வாடைக்காலமும் போக மிச்சம் எத்தனை நாள்?

வீட்டுத் தொழிலுக்குக் கடன் கேட்பவர்களின் திட்ட அறிக்கைகளைப் படித்துக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலையில் பாதி. மறுபாதி, சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு வரவு செலவு எழுதச் சொல்லிக்கொடுப்பது. ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊர்க் கோப்பைத் திறந்தாலும் ஒன்று மட்டும் மாறுவதில்லை. ஏப்ரல் விற்பனை நாற்பதாயிரம், மே நாற்பதாயிரம், நவம்பரும் அதே நாற்பதாயிரம். திருப்பூரில் யாருக்கோ தயாரான படிவத்தில் பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றி, கணினி மையத்தில் அச்சடித்துத் தந்துவிடுகிறார்கள். கருவாடு போடுகிறவருக்கு நவம்பரில் வெயில் எங்கிருந்து வரும் என்று அந்தப் படிவத்துக்குத் தெரியாது. கையெழுத்துப் போடுகிற பெண்ணுக்குத் தெரியும். ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை.

நம் கடற்கரையில் தொழில் தொடங்க நினைப்பவர் முதலில் எழுத வேண்டியது தொகையை அல்ல, வேலை செய்யக்கூடிய நாட்களை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தமிழ் மாதக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் அப்படியே போய்விடுகின்றன. நாட்டுப்படகுகள் போகும், மீன் வரும். ஆனால் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. வாடைக் காற்றும் மேகமூட்டமுமாக மார்கழி வரை எதையும் நம்பிக் காயப்போட முடியாது. இடையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓங்கும் நாட்களில் மணல் பறந்து காய்கிற மீனில் ஒட்டும். இவை போக, ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதே திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான். மீனவர்கள் சிறைபிடிக்கப்பட்டு வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டால் அதுவும் நின்றுவிடும். வீட்டில் விசேஷம், துக்கம், பிள்ளைகளின் பரீட்சை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் கருவாட்டுத் தொழிலுக்கு ஆண்டில் பாதி நாள் தேறினாலே நல்ல கணக்கு.

கருவாடு என்றில்லை. சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுகிறவர்களுக்குப் பதநீர் மாசி பங்குனியில் தொடங்கி ஆனி ஆடியோடு முடிந்துவிடும். அதற்குள் காய்ச்சியதுதான் ஆண்டு முழுவதற்கும் சரக்கு. மழைக்காலத்தில் ஈரக்காற்றுப் பட்டாலே கருப்பட்டி கசியத் தொடங்கும், எனவே வைப்பறையும் திட்டத்தில் ஒரு செலவு. மிளகாய்ப் பொடி, மீன் குழம்புப் பொடி செய்கிறவர்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய் கைக்கெட்டும் தூரத்தில் விளைகிறது. ஆனால் அறுவடை நடக்கும் மாசி முதல் சித்திரை வரையிலான நாட்களில், களத்தில் குவிந்து கிடக்கும்போது வாங்கி நன்றாகக் காயவைத்து இறுக மூடிய தகர டின்னில் வைத்தவருக்குத்தான் அதில் ஆதாயம். ஐப்பசியில் கடையில் போய் வாங்குகிறவர் பொடியின் லாபத்தைக் கடைக்காரருக்கே கொடுத்துவிட்டு வருகிறார்.

கீழக்கரையின் நாட்காட்டி வேறு. அங்கே தொதல், வட்டலப்பம் ஆகிய இனிப்புகளைச் செய்து கொடுக்கும் லாத்தா (அக்கா) ஒருவர், சென்ற ஆண்டு இதே மாதத்தில் நல்ல ஆர்டர் இருந்ததே, இந்த ஆண்டு ஏன் இல்லை என்று கணக்கு நோட்டை என் முன்னால் விரித்து வருத்தப்பட்டார். அவர் ஒப்பிட்டது ஆங்கில மாதங்களை. ரமலான் ஆண்டுக்கு ஏறத்தாழ பதினோரு நாள் முன்னே நகர்ந்து வருகிறது. பெருநாள் ஆர்டரும் அதோடு நகரும். அவருடைய நோட்டில் ஹிஜ்ரி மாதத்தையும் ஒரு பத்தியாகச் சேர்த்ததும் தொழில் குறையவில்லை என்பது தெரிந்துவிட்டது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் திரும்பும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் ஆர்டர்கள் தனி. அவை பள்ளி விடுமுறையை ஒட்டி வரும்.

இலக்கு பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “மாதம் ஐம்பதாயிரம் சம்பாதிக்க வேண்டும் சார்.” யூடியூபில் யாரோ சொல்லியிருப்பார்கள். தவறில்லை, ஆசை வேண்டும். ஆனால் அந்த ஐம்பதாயிரம் யார் கையால் வரப்போகிறது? தொதல் கிண்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து இறுகி, எண்ணெய் பிரிந்து, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை மணிக்கணக்கில் கை ஓயாமல் கிண்ட வேண்டும். நடுவில் போன் எடுத்தால் அடிப்பிடிக்கும். ஒருவர் ஒரு நாளில் ஒரு சட்டி, மிஞ்சினால் இரண்டு. ஒரு சட்டிக்கு எத்தனை கிலோ, மாதத்தில் அடுப்பு மூட்டக்கூடிய நாள் எத்தனை, கிலோவுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் இலக்கு. ஐம்பதாயிரத்திலிருந்து தொடங்கிக் கீழே இறங்கினால் கணக்கு எங்கேயோ பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

மிஞ்சுவது என்று சொன்னேன். அதைச் சரியாகக் கணக்கிடுகிறவர்கள் குறைவு. திருப்பாலைக்குடிப் பக்கத்தில் நெத்திலிக் கருவாடு போடும் ஓர் அக்காவின் கணக்கைப் பார்ப்போம். விலை நாளுக்கு நாள் மாறும், இங்கே முறையை மட்டும் கவனியுங்கள்.

பச்சை நெத்திலி 20 கிலோ, கிலோ 100 ரூபாய் வீதம் 2,000. உப்பு 60. கரையிலிருந்து ஆட்டோவுக்கு 120. கவரும் ஸ்டிக்கரும் 60. ஆக 2,240. காய்ந்த பிறகு ஆறு கிலோ வரும். உடைந்தது, தூள், வீட்டுக் குழம்புக்கு எடுத்தது என்று அரைக் கிலோ போக ஐந்தரைக் கிலோவை 480 ரூபாய்க்கு விற்றால் 2,640. “நானூறு ரூபாய் லாபம்” என்றார்.

அந்த நானூறில் அவருடைய கூலி எங்கே? விடியற்காலையில் கரைக்குப் போனது, அலசியது, உப்புப் போட்டது, இரண்டு நாள் திருப்பிப் போட்டது, காக்கையும் நாயும் வராமல் அவருடைய மாமியார் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, சாயங்காலம் பனிக்கு முன் அள்ளி உள்ளே வைத்தது. இரண்டு பேருக்கும் மிகக் குறைவான கூலி போட்டால்கூட லாபம் சுழியத்துக்குக் கீழே போகிறது. இன்னொன்றும் பாருங்கள். எதிர்பாராத ஒரு தூறலில் ஒரு சுற்று கெட்டுப்போனால் 2,240 ரூபாய் போகும். அதை ஈடுகட்ட இன்னும் ஆறு சுற்று போட வேண்டும். ஆறு சுற்றும் சம்பளமில்லாத உழைப்பு.

கணக்கு இப்படிக் கண் முன்னால் விரிந்த பிறகு அந்த வீட்டில் இலக்கு மாறிவிட்டது. “இன்னும் அதிகம் போட வேண்டும்” என்பது போய், “கிலோவுக்கு நூறு ரூபாய் கூடுதலாக மிஞ்ச வேண்டும்” என்றானது. மணலில் பரப்புவதை விட்டுவிட்டு, மூங்கில் கால் நட்டு இடுப்பளவு உயரத்தில் வலை கட்டி அதன்மேல் காயப்போட்டார்கள். மண் ஒட்டாத நெத்திலிக்கு விலை தனி. கீழிருந்தும் காற்று படுவதால் சீக்கிரம் காய்கிறது. மொத்த வியாபாரிக்கு மூட்டையாகக் கொடுத்ததில் பாதியை நிறுத்தி, தலை கிள்ளிய நெத்திலியாக நூறு கிராம் பாக்கெட் போட்டார்கள். கொஞ்சம் எடை குறையும், அதையும் விலையில் சேர்த்தார்கள். முன்பணம் வாங்கியிருந்த வியாபாரியிடம் அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டிய கட்டாயம் இருந்ததால் மறுபாதிக்கு ஓராண்டு பொறுக்க வேண்டியிருந்தது. முன்பணத்தை அடைப்பதும் ஓர் இலக்குதான். என் கணிப்பில் பல வீடுகளில் முதல் இலக்கே அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இனி, எந்தத் திட்ட அறிக்கையிலும் இடம்பெறாத செலவுக்கு வருகிறேன். தடைக்காலத்தில் வீட்டு ஆண்களின் வருமானம் நிற்கும்போது அடுப்பு எரிவது மனைவியின் தொழில் பணத்தில். அரிசியும் மளிகையும் போதாதென்று, படகுக்குப் பெயிண்ட், வலை பராமரிப்பு, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகம், சீருடை. ஜூன் 15 அன்று கணவர் கடலுக்குப் போவார். மனைவியிடம் மீன் வாங்க முதல் இருக்காது. அவருடைய தொழில் அங்கேயே நின்றிருக்கும், அல்லது வாரத் தவணைக் கடனில் மறுபடி தொடங்கியிருக்கும். தொழில் நஷ்டமானதாக ஊர் சொல்லும். வீட்டைக் காப்பாற்றியதில் முதல் கரைந்தது என்பதே நடந்தது.

இதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. பிள்ளைகள் சாப்பிட வேண்டாமா? திட்டத்துக்குள் கொண்டுவரலாம். அந்த இரண்டு மாதத்துக்கு உங்கள் தொழிலிலிருந்து வீட்டுக்கு மாதம் 8,000 தேவைப்படும் என்றால் மொத்தம் 16,000. அரசின் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் என 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் உயர்த்தி அறிவிக்கப்பட்டது. உங்கள் குடும்பம் அதற்குத் தகுதி பெற்றிருந்தால் மிச்சம் 8,000. தொழில் நடக்கும் எட்டு மாதத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தனியாகப் போட்டு வந்தால் அது சேர்ந்துவிடும். அஞ்சலகத்திலோ வங்கியிலோ தனிக் கணக்கில் போடுங்கள். அஞ்சறைப் பெட்டியில் வைத்தால் தங்காது. நிவாரணம் தாமதமானாலும் கை முடங்கிப் போகாதபடி முதல் ஆண்டில் சற்றுக் கூடுதலாகவே ஒதுக்குவது நல்லது.

வீட்டுக்கு எடுப்பதற்கும் ஒரு பெயர் வேண்டும். “என் சம்பளம்” என்று நோட்டில் எழுதுங்கள். சொந்தத் தொழிலில் தனக்கே சம்பளமா என்று சிரிக்கிறார்கள். எழுதினால்தான் எவ்வளவு போகிறது என்று தெரியும், விலை வைக்கும்போதும் அது கணக்கில் வரும். விற்ற பணத்தில் முதலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் சம்பளம் எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி சிக்கல் தீரும்.

தடைக்காலம் இன்னொரு பக்கம் வாய்ப்பும்கூட. பச்சை மீன் விலை ஏறும்போது கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் கேட்பவர்கள் கூடுகிறார்கள். மாசி, பங்குனி வெயிலில் காயவைத்துக் கனமான கவரில் கட்டி வைத்திருப்பவர் சித்திரையில் விலை சொல்லி விற்கலாம். அதற்கு மாசியில் கையில் பணம் வேண்டும். ஆகவே வங்கிப் படியை மார்கழியிலோ தையிலோ ஏறுங்கள். பங்குனிக் கடைசியில் போய், தொகை சித்திரையில் கைக்கு வந்தால் கட்டுப்படியான விலைக்கு வாங்க மீன் இருக்காது, தவணை மட்டும் ஓடும். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கேட்கலாம். ஒரே மூச்சில் தொகையை வாங்குவதைவிட, எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி கட்டும் நடைமுறை மூலதனக் கடனாகத் தர முடியுமா என்று கேளுங்கள். பருவத்தொழிலுக்கு அதுதான் பொருந்தும்.

காகித வேலைகள் அவ்வளவு கடினமில்லை. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது, முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசுடையது அல்ல. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு வேண்டும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். பாக்கெட்டில் அந்தப் பதிவு எண், தயாரித்த தேதி, நிகர எடை, விலை, முகவரி இருக்க வேண்டும். கருவாட்டுப் பாக்கெட்டில் அசைவத்துக்கான பழுப்பு முக்கோணக் குறியும் வேண்டும். பொடி பாக்கெட்டுக்கு அச்சடித்த பச்சைக் குறி ஸ்டிக்கரை மிச்சமிருக்கிறது என்று நெத்திலிக் கவரில் ஒட்டியதை நான் பார்த்திருக்கிறேன்! ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் இவற்றை இலவசமாகவே சொல்லித் தருகிறார்கள், சாப்பாடும் போடுகிறார்கள்.

கடைசியாக இயந்திர ஆசை. மானியம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதும் அரவை இயந்திரம், பாக்கெட் ஒட்டும் இயந்திரம், சூரிய உலர்த்தி என்று விலைப்பட்டியலோடு வருகிறார்கள். மானியம் போக மிச்சம் கடன்தானே. திருப்புல்லாணிப் பக்கம் மிளகாய்ப் பொடி செய்யும் ஒருவரிடம், மில்லுக்குக் கொடுக்கும் அரவைக் கூலியை ஓராண்டு தனியாக எழுதச் சொன்னேன். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால், இயந்திரத்துக்கான ஓராண்டுத் தவணையில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. மின்கட்டணமும் பழுதும் தனி. பொடி விற்பனை இப்போதைப் போல மூன்று மடங்கு ஆகும்வரை மில்லுக்கே போவது என்று முடிவெடுத்தார். அந்த மூன்று மடங்கு எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.