பழைய இயங்குதளம் இருக்கட்டும், பழைய கம்பைலர் எதற்கு?

திறமூல மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு அடிக்கடி வரும் வேண்டுகோள் இது: "எங்கள் சர்வரில் இன்னும் சென்ட்ஓஎஸ் 7தான். கைவிட்டுவிடாதீர்கள்." அந்த லினக்ஸ் இயங்குதளத்தின் ஆதரவுக் காலம் 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது. ஆனாலும் கேட்பவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆய்வகக் கருவியோடு இணைந்த கணினியைப் பயனர் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட முடியாது.

இதைக் கேட்டதும் பல குழுக்கள், அதோடு வந்த பழைய கம்பைலரான (மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) ஜிசிசி 4.8.5-இலும் நிரல் கம்பைல் ஆகியே தீர வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகின்றன. அது தேவையில்லை. பழைய இயங்குதளத்தில் ஓடுவது வேறு, பழைய கம்பைலரில் கம்பைல் ஆவது வேறு.

ஜிசிசி 4.8-க்கு சி++11 (சி++ மொழியின் 2011 தரம்) தெரியும் என்றுதான் பெயர். அதில், உரையில் பேட்டர்ன் தேடும் ரெகெக்ஸ் லைப்ரரியைப் பயன்படுத்திப் பாருங்கள். ஹெடர் இருக்கும், கம்பைலும் ஆகும். ஓட்டினால், சதுர அடைப்புக்குறி போட்ட எளிய பேட்டர்னுக்கே எக்செப்ஷன் வரும். அந்தப் பகுதி முறையாக எழுதப்பட்டது 4.9-இல்தான். கம்பைல் ஆகிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனையில் இது சிக்காது.

இயங்குதளப் பக்கம் உள்ள தடை ஜிலிப்சி, அதாவது லினக்ஸ் நிரல்கள் பெரும்பாலும் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 2.17. புதிய லினக்ஸில் பில்ட் செய்த பைனரியை அங்கே கொண்டுபோனால், 2.34 கிடைக்கவில்லை என்பதுபோல ஒரு வரி சொல்லித் தொடக்கத்திலேயே நின்றுவிடும். பழைய ஜிலிப்சியில் பில்ட் செய்ததோ பெரும்பாலும் புதியதிலும் ஓடும். எனவே சென்ட்ஓஎஸ் 7 கன்டெய்னருக்குள் (கணினிக்குள் தனியாக ஓடும் சூழல்) புதிய கம்பைலரை வைத்து பில்ட் செய்யுங்கள். ரெட் ஹேட்டின் டெவ்டூல்செட் என்ற புதிய கம்பைலர் தொகுப்பு இதற்காகவே வந்தது. பழைய லைப்ரரியில் இல்லாத சி++ பகுதிகளை அது பைனரிக்குள்ளேயே சேர்த்துவிடும். பைத்தான் பேக்கேஜ்களுக்கான மெனிலினக்ஸ்2014 இமேஜில் ஜிசிசி 10 இருப்பதும் இந்த வழியில்தான். (கன்டெய்னரில் பேக்கேஜ்களை நிறுவும் யம் வேலை செய்யாவிட்டால் பதற வேண்டாம். பழைய களஞ்சியங்கள் வால்ட் என்ற காப்பக முகவரிக்குப் போய்விட்டன.)

கைவிட வேண்டிய நாளும் வரும். விண்டோஸ் விஷயத்தில் பைத்தானின் விதி எனக்குப் பிடிக்கும்: மைக்ரோசாஃப்ட்டின் நீட்டித்த ஆதரவு இருக்கும்வரை பைத்தானும் ஆதரிக்கும். விண்டோஸ் 7-க்கு அது 2020 ஜனவரியில் முடிந்தது; அதே ஆண்டு அக்டோபரில் வந்த 3.9 அதில் ஓடாது. 3.8-தான் கடைசி என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் திட்டத்திலும் கடைசியாக ஓடும் பதிப்பு எது, அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவரை என்பதை வெளியீட்டுக் குறிப்பின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பில்ட் தொடங்கும்போதே கம்பைலர் பதிப்பைச் சரிபார்த்து, குறைந்தபட்சம் எது வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்துங்கள். பக்கம் பக்கமாக வரும் டெம்ப்ளேட் பிழைகளிலிருந்து அதைக் கண்டுபிடிக்கும் பாடு பயனருக்கு வேண்டாம்.