டிமென்ஷியா: அறிவாற்றல் தேய்வு

லத்தீன் மொழியில் 'டி' விட்டு நீங்குதலையும் 'மென்ஸ்' மனத்தையும் குறிக்கும். இரண்டும் சேர்ந்த டிமென்ஷியாவின் நேர்ப்பொருள் மனம் நீங்கிய நிலை. இன்றைய மருத்துவத்தில் இது தனியொரு நோயின் பெயரல்ல. நினைவு, மொழி, திட்டமிடல், வழி அறிதல், நடத்தை ஆகியவற்றில் சில, அன்றாடக் காரியத்தைத் தானே பார்க்க முடியாத அளவுக்குக் குறைந்துவரும் நிலைக்கு இடப்பட்ட பொதுப்பெயர். இந்நிலைக்கு ஆளானவர்களில் 60 முதல் 70 வீதமானோருக்கு அடிப்படைக் காரணம் அல்சைமர் நோய்.

இலங்கையில் அதிகம் புழங்கும் தமிழ்ப் பெயர் 'மறதி நோய்'. எளிமையானது, ஆனால் வழிதவறச் செய்வது. மூளைக் கலங்களில் லூயி உடல் எனும் புரதத் திரள்கள் சேரும் வகையில் மறதிக்கு முன்பே இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் அதற்குப் பேய், முனி என்று பெயர் வைத்து மாதக்கணக்கில் மந்திரிப்பதும் உண்டு. மூளையின் முன்பகுதியான நெற்றிமடல் பாதிக்கப்படும் வகையில் நினைவு ஓரளவு நன்றாகவே இருக்க, கூச்சமில்லாத பேச்சும் காரணமில்லாத கோபமும் முதலில் வரும். "மறதி இல்லையே" என்று வீட்டார் இருந்துவிடுவது இந்த இடத்தில்தான். தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லும் "புத்தி தடுமாறுது", "புத்தி மங்கிப்போச்சு" இரண்டும் மறதி நோயைவிடப் பொருளுக்குக் கிட்டவே நிற்கின்றன.

'அறிவாற்றல் குறைபாடு' என்றால் பிறவியிலேயே உள்ள குறைபாட்டோடு குழம்பும். 'இழப்பு' என்றால் எல்லாம் போய்விட்டது என்றாகும். படிப்படியாகக் குறைவதைச் சொல்ல 'அறிவாற்றல் தேய்வு' பொருந்தும். பெயரை மாற்றுவது வீண்வேலை அல்ல. ஜப்பான் 2004 இல் மடமை என்ற பொருள் தொனித்த பழைய சொல்லைக் கைவிட்டு, அறிகையைக் குறிக்கும் புதுச்சொல்லை ஏற்றது.

அடுத்த குழப்பம் பிறப்புரிமையியலில், அதாவது மரபியலில். தமிழ்நாட்டில் மரபணு என்பதை நம் பாடநூல்கள் பரம்பரையலகு என்கின்றன. அதில் 'பரம்பரை' ஒட்டியிருப்பதால், இந்நோயில் பரம்பரையலகுக்குப் பங்குண்டு என்று கேட்டதும் "அம்மாவுக்கு வந்தது, எனக்கும் வரும்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. 21 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள (குரோமோசோம்) அமிலோயிட் முன்னோடிப் புரதத்தின் பரம்பரையலகு, 14 இல் பிரெசெனிலின் 1, 1 இல் பிரெசெனிலின் 2 ஆகிய மூன்றில் ஏற்படும் சில விகாரங்களே, அதாவது அலகில் நேரும் மாற்றங்களே, ஏறக்குறைய நிச்சயமாக நோயைத் தருபவை. பெற்றோரில் ஒருவருக்கு அந்த விகாரம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு 50 வீதம். நோயும் பொதுவாக 65 வயதுக்கு முன்பே தொடங்கும். இத்தகைய குடும்பங்கள் மிக அரிது.

வயதானபின் வரும் வகையில் பேசப்படுவது 19 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள அபோஈ. இது கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதத்துக்கான அலகு. இதற்கு 2, 3, 4 என மூன்று எதிருருக்கள், அதாவது மாற்று வடிவங்கள். புரதத்தின் 112 ஆம், 158 ஆம் இடங்களில் 3 ஆம் வகைக்கு முறையே சிஸ்டீன், ஆர்ஜினீன் என்ற அமினோ அமிலங்கள். 4 ஆம் வகைக்கு இரண்டிலும் ஆர்ஜினீன். வித்தியாசம் அந்த ஒரு அமினோ அமிலம்தான். 4 ஆம் வகைக்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பு 1993 இல் வெளியானது. ஐரோப்பிய வம்சாவழியினரில் ஒரு பிரதி இருந்தால் ஆபத்து சுமார் 3 மடங்கு, இரண்டு இருந்தால் 8 முதல் 12 மடங்கு. இந்த எண்களை மலையகத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. இரண்டு பிரதிகளோடு நோயின்றி முதிர்ந்தவர்களும், ஒன்றுகூட இல்லாமல் நோய் கண்டவர்களும் உண்டு. ஆகவே இது ஆபத்தைச் சொல்லும் அலகு, நோயைத் தீர்மானிக்கும் அலகல்ல. அறிகுறி ஏதும் இல்லாதவர் காசு செலவழித்து இந்தச் சோதனையைச் செய்வதால் பெரிய பயன் இல்லை.

கிளினிக்கில் கேள்விகேட்டுப் புள்ளியிடும் சோதனை இன்னொரு பொறி. பரவலாகப் பயன்படும் 30 புள்ளிச் சோதனையில் 100 இலிருந்து ஏழேழாகக் கழிப்பதற்கு 5, வாசித்துச் செய்வதற்கு 1, வாக்கியம் எழுதுவதற்கு 1, ஐங்கோணம் வரைவதற்கு 1 என 8 புள்ளிகள் பள்ளிப் படிப்பைச் சார்ந்தவை. பள்ளிக்கே போகாத ஒரு கொழுந்து பறிப்பவர் அந்த எட்டையும் இழந்தால் மீதி 22. வழமையான எல்லைக்கோடு 24. நல்ல நிலையில் இருப்பவரும் நோயாளி ஆகிவிடுவார். படிப்பு எவ்வளவு என்பதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள். சம்பளக் கணக்குப் பார்ப்பது, சமைக்கும் ஒழுங்கு, மலையிலிருந்து லயத்துக்குத் திரும்பும் வழி ஆகியவற்றில் எது, எந்த மாதத்திலிருந்து மாறியது என்று கிளினிக் கொப்பியில் குறித்துக்கொண்டு போனால் புள்ளிகளைவிட உதவும்.

தைரொயிட் சுரப்புக் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, கீழே விழுந்தபின் மண்டையோட்டுக்குள் தேங்கும் இரத்தம் ஆகியவையும் இதே தோற்றம் காட்டும். இவற்றில் பல சிகிச்சையால் சீராகும். தடுமாற்றம் ஓரிரு நாளில் திடீரென வந்தால் அதைத் தேய்வு என்று எண்ணிக் காத்திருக்கக்கூடாது. சிறுநீர்த் தொற்றோ நியூமோனியாவோ பக்கவாதமோ இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.