உள்ளே இருப்பவரின் நாட்களைக் கணக்கு வையுங்கள்

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் சட்ட உதவி வழக்கறிஞராக உட்காரும்போது, சிறைவாசிகளின் குடும்பத்தாரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தேதியில் உள்ளே போனார்? பலருக்குச் சொல்லத் தெரியாது. குடியாத்தத்திலிருந்து வந்த ஓர் அம்மா, "போன வருசம் சிரசு முடிஞ்சு ரெண்டாம் நாள் சார்" என்றார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி ஒன்றாம் தேதி. அந்த அம்மா வந்தது சித்திரைக் கடைசியில். இன்னும் பத்தே நாளில் அவர் மகனுக்கு ஒரு வருடம் நிறைகிறது.

அவன் மேல் இருந்தது ஒரே ஒரு திருட்டு வழக்கு. அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெற்றதில்லை. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு இப்படிப்பட்டவர்களுக்காகவே இருக்கிறது. முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகக் கழித்துவிட்டால், ஜாமீன்தாரர் கேட்காமல் சொந்தப் பிணையில் விடவேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்கு நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. காலம் முடிந்ததும் கோர்ட்டுக்கு எழுதவேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பழைய வழக்குகளுக்கும் இது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் வீட்டிலும் ஒரு காலண்டரில் குறித்து வையுங்கள்.

சிறை மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் பூட்டையும் காவலையும் நினைத்து வெள்ளைக்காரன் எழுதியது. அதற்குப் பதிலாக மத்திய உள்துறை 2023இல் ஒரு மாதிரிச் சட்டத்தைத் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. குறைதீர்ப்பு, சட்ட உதவி, பரோல், தொழிற்பயிற்சி எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒரு மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றினால்தான் அந்த மாநிலத்தில் அது சட்டம்.

அப்படி ஒரு சட்டம் வரும்போது, கூலிக் கணக்கைச் சிறைவாசி தன் கண்ணால் பார்க்கும் உரிமை அதில் கட்டாயம் இருக்கவேண்டும் என்பது என் கருத்து. தொரப்பாடி மத்திய சிறையில் ஷூ தைக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போனவர்களுக்குப் பீஸ் ரேட், அதாவது ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி, அத்துப்படி. அதே வேலை சுவருக்குள் நடந்தால் மட்டும் கணக்கு ஏன் மங்கவேண்டும்? சிறைவாசியின் உழைப்புக்கு நியாயமான கூலி தரவேண்டும் என்று 1998லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வெளியிலிருந்து வந்து பார்க்கும் பார்வையாளர் குழு கூலிப் பதிவேட்டைப் புரட்டும் அதிகாரத்தோடு வரவேண்டும்.

அப்புறம் படிப்பு. அந்த அம்மாவின் பையன் எனக்கு வக்காலத்து கொடுத்தபோது கைநாட்டுதான் வைத்தான். குற்றப்பத்திரிகை நகல் கையில் இருந்தும் அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஜாமீன் உத்தரவு வந்ததும் அப்படித்தான், யாரோ சொல்லித்தான் தெரிந்தது. உள்ளே நடந்த எழுத்தறிவு வகுப்பில் சேரச் சொன்னேன். விசாரணைக் கைதிக்கு எதற்குப் படிப்பு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தன் வழக்கைத் தானே வாசிக்க என்பதுதான் என் பதில்.

உங்கள் குடும்பத்தில் யாராவது உள்ளே இருந்தால் 15100க்குப் போன் செய்யுங்கள். சட்ட உதவிக்கான அழைப்பு எண் அது. சிறையில் இருப்பவருக்கு வழக்கறிஞர் இலவசம், வருமானச் சான்று தேவையில்லை.

அந்த அம்மா குறித்துவைத்த தேதியில் மனு போட்டோம். உத்தரவு வந்தது. பிணைப் பத்திரத்தில் பையன் மெதுவாகத் தன் பெயரை எழுதினான். கடைசி எழுத்தின் புள்ளியை மறந்துவிட்டு, பேனாவைத் திரும்ப வாங்கி வைத்தான்.