முதல் பட்டதாரி வேறு, முதல் தலைமுறை வேறு

ஒரு சட்டக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் போன மாதம் ஒரு தாளைப் பார்த்தேன்: "முதல் பட்டதாரி சட்ட மாணவர் சமூகக் கூட்டம்." பெற்றோர் பட்டம் பெறாத வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் 'ஃபர்ஸ்ட் ஜெனரேஷன்' என்பார்கள். அதைத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள். செய்திகளிலும் சுற்றறிக்கைகளிலும் இதைப் பலமுறை படித்துவிட்டேன். இது தவறு.

தலைமுறை என்பது தலையும் முறையும் சேர்ந்த சொல். தலை என்றால் ஆள், முறை என்றால் வரிசை. ஜெனரேஷனுக்கு லத்தீனில் பிறப்பித்தல்தான் வேர். நம்முடைய சொல் பிறந்தவர்கள் அடுத்தடுத்து நிற்கும் வரிசையைச் சொல்கிறது. ஆகவே 'முதல் தலைமுறை' என்பதில் ஒரு குறையும் இல்லை.

சரி, 'முதல் பட்டதாரி' எங்கிருந்து வந்தது? தமிழ்நாடு அரசு 2010-11 கல்வியாண்டில் தொடங்கிய கல்விக் கட்டணச் சலுகையிலிருந்து. அதற்கான 'முதல் பட்டதாரி' சான்றிதழ் வாங்கத் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் யாருமே பட்டம் பெற்றிருக்கக் கூடாது. குடும்பத்தில் ஒரே ஒருவருக்குத்தான் கிடைக்கும். பணம் கொடுக்கும் அரசுக்கு அப்படி ஒரு வரம்பு தேவை, அதில் தவறில்லை. ஆனால் தலைமுறை என்பது ஓர் ஆள் அல்லவே. அண்ணனும் தங்கையும் ஒரே தலைமுறைதான். அமெரிக்க உயர்கல்விச் சட்டமும் 'ஃபர்ஸ்ட் ஜெனரேஷன்' என்பதற்குப் பெற்றோரின் படிப்பைத்தான் பார்க்கிறது, அண்ணன் அக்காவைப் பார்ப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் இருக்கிறாள். அப்பா லாரி ஓட்டுநர். அண்ணன் பி.காம். முடித்துவிட்டதால் இவளுக்குச் சான்றிதழ் கிடையாது. அந்தத் தாளைப் படித்துவிட்டு, "இது எனக்கு இல்லை" என்று வகுப்புக்குப் போய்விட்டாள். வக்காலத்து, வாய்தா என்றெல்லாம் சோற்றுத் தட்டின் முன்னால் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு நடுவே, எந்த சீனியரிடம் போய் இன்டர்ன்ஷிப் கேட்பது என்று சொல்ல ஆளில்லாமல் நிற்பவள் அவள். அவளைப் போன்றவர்களுக்காகத்தான் அந்தக் கூட்டமே. ஒரு தவறான சொல் அவளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாண்டு எல்.எல்.பி.யில் சேரவே முதலில் ஒரு பட்டம் வேண்டும். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் பட்டதாரிகள்! அப்புறம், அப்பா ஆசிரியர், அம்மா வங்கி ஊழியர், ஆனால் வம்சத்தில் ஒரு வக்கீலும் இல்லை என்கிற மாணவரும் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் அவரும் புதியவர்தான். அங்கே 'பரம்பரை வக்கீல் குடும்பம்' என்பார்கள். அதற்கு எதிராக 'முதல் தலைமுறை வக்கீல்' என்பார்கள். உரியவர்கள் வாயிலேயே சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர் காது கொடுத்துக் கேட்டால் போதும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அரசாணையில் ஒரு சொல் கண்ணில் பட்டால் அதையே எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டிவிடுகிறார்கள்.

அந்தத் தாளில் 'சமூகம்' என்ற சொல்லும் உறுத்தியது. விண்ணப்பத்தில் 'கம்யூனிட்டி' என்ற கட்டத்தில் நாம் எழுதுவது சாதிப் பிரிவை. "என்ன சமூகம்?" என்று யாராவது கேட்டால் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். பல ஊர், பல சாதி, பல பின்னணிப் பிள்ளைகள் ஒன்றாக உட்காரவேண்டிய இடத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம். 'தோழமை' என்ற நல்ல சொல் இருக்கிறது.

பெற்றோர் பட்டம் பெறாதிருந்தால் 'முதல் தலைமுறைப் பட்டதாரி'. வீட்டில் யாரும் சட்டம் படிக்காதிருந்தால் 'முதல் தலைமுறைச் சட்ட மாணவர்'. அந்தத் தாளில் இருக்கவேண்டியது இவ்வளவுதான்: "முதல் தலைமுறைச் சட்ட மாணவர் தோழமை. பெற்றோர் பட்டம் பெறாதவர்களும், குடும்பத்தில் வழக்கறிஞர் இல்லாதவர்களும் வரலாம். சான்றிதழ் தேவையில்லை."